பயம் குறைந்தபோது கூடிய கூட்டம்

ஒன்றுக்கு நான்கும் இரண்டுக்கு எட்டும் கணக்குப் பாடத்தில் ஒரே விகிதம். ‘டெட் பை டேலைட்’ என்ற திகில் விளையாட்டில் அப்படி இருக்கவில்லை. கனடாவின் மான்ட்ரியால் நகரைச் சேர்ந்த பிஹேவியர் இன்டராக்டிவ் நிறுவனம் 2024 ஜூலை 25 அன்று அதில் ஒரு புதிய ஆட்டமுறையைத் திறந்தது. அதுவரை ஒரு கொலைகாரன் நான்கு பேரைத் துரத்துவதே ஆட்டம். புதிய முறையில் இரண்டு கொலைகாரர்கள் எட்டுப் பேரைத் துரத்துவார்கள். ஆட வருபவர்களில் ஐந்தில் ஒருவர் துரத்துபவராக இருந்தால் பழைய முறைக்கும் போதும், புதிய முறைக்கும் போதும். ஆனால் தொடக்கத்திலேயே துரத்த விரும்பியவர்களின் வரிசை வீங்கிவிட்டது. ஓட வந்தவர்களுக்கு எளிதில் ஆட்டம் கிடைத்தது. துரத்த வந்தவர்கள் காத்துக் கிடந்தார்கள். எந்தப் பக்கத்துக்கு ஆள் குறைகிறதோ அந்தப் பக்கத்துக்குக் கூடுதல் புள்ளிகளைக் காட்டி ஆள் சேர்த்துவந்த விளையாட்டு இது. விகிதம் அப்படியே இருந்தும் சமநிலை குலைந்தது.

புதிய முறையை ஆட்டக்காரர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டால் ‘பிடித்திருந்தது’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அதில் ஆராய ஒன்றுமில்லை. எந்தப் பக்கத்தில் கூட்டம் சேர்ந்தது, எதைப் பற்றிய முணுமுணுப்பு நின்றது, எதைப் பற்றிப் புதிதாகக் குறைபட்டுக்கொண்டார்கள் என்று பார்ப்பதே பயனுள்ளது. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த முறை நீடித்த இரண்டு வாரங்களின் கொண்டாட்டம் உண்மையில் பழைய ஆட்டத்தின் மீது வைக்கப்பட்ட விமரிசனம்.

பழைய ஆட்டம் எப்படிப்பட்டது? 2016 ஜூன் 14 அன்று வெளிவந்த ‘டெட் பை டேலைட்’ அமெரிக்கக் கொலைகாரப் படங்களின் சாரத்தைப் பிழிந்து செய்த விளையாட்டு. சுவர் சூழ்ந்த ஒரு களத்தில் ஏழு ஜெனரேட்டர்கள் கிடக்கும். சர்வைவர்கள் எனப்படும் நால்வர் அவற்றில் ஐந்தைப் பழுதுபார்த்தால் வெளிவாசலுக்கு மின்சாரம் வரும், திறந்துகொண்டு தப்பலாம். தனி ஆளாக உட்கார்ந்தால் ஒரு ஜெனரேட்டருக்குத் தொண்ணூறு நொடிகள் ஆகும். கில்லர் எனப்படும் கொலைகாரர் அவர்களை அடித்து வீழ்த்தி, தோளில் தூக்கிச் சென்று இறைச்சிக் கொக்கியில் மாட்டுவார். மற்றவர்கள் வந்து இறக்கிவிடலாம். மூன்றாம் முறை மாட்டப்பட்டவரின் கதை முடிந்தது. மைக்கேல் மையர்ஸ், லெதர்ஃபேஸ், ஃபிரெடி குரூகர், சடாகோ என்று திரையில் புகழ்பெற்ற பேய்களும் கொலைகாரர்களும் உரிமம் பெற்று ஒவ்வொருவராக இதற்குள் வந்து சேர்ந்தார்கள். 2023 இல் நடிகர் நிக்கோலஸ் கேஜ் தன் சொந்தப் பெயரிலேயே ஓடுபவராக வந்தார்.

ஆடத் தொடங்கிய புதிதில் இது உண்மையிலேயே பயமுறுத்தும். கில்லர் நெருங்கும்போது காதில் இதயத்துடிப்பு கேட்கும். பெரும்பாலான கில்லர்களுக்கு அது முப்பத்திரண்டு மீட்டர் தொலைவில் தொடங்கும். அந்தச் சத்தம் கேட்டதும் புல்லுக்குள் பதுங்கி மூச்சைப் பிடித்துக்கொள்ளும் புதியவர்களைப் பழையவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். பழையவர்களுக்கு இதயத்துடிப்பு ஒரு தகவல்: ஆள் எத்தனை தூரத்தில் இருக்கிறார், ஜெனரேட்டரை இன்னும் எத்தனை நொடி தொடலாம். சர்வைவர் நொடிக்கு நான்கு மீட்டர் ஓடுவார். வழக்கமான கில்லர் 4.6 மீட்டர். நேர்க்கோட்டில் ஓடினால் பிடிபடுவது உறுதி. எனவே ஒரு சுவரையோ குவியலையோ சுற்றிச் சுற்றி ஓடி, சரியான கணத்தில் மரப்பலகையைக் குறுக்கே சாய்த்து நேரத்தை இழுப்பார்கள். இதற்கு லூப்பிங் என்று பெயர். சர்வைவரின் பார்வை அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து அமைவதால் துரத்துபவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடலாம். கில்லருக்கோ தன் கண்ணால் காணும் காட்சி மட்டுமே. நூறு மணிநேரம் ஆடியவருக்கு இதில் பேயும் இல்லை, கொலையும் இல்லை. கோணமும் வேகமும்தான் மிச்சம்.

டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெய்லே நகரில் ‘டிஸ்டோபியா’ என்ற பேய்மாளிகையில் நடத்திய ஆய்வு இங்கே பொருந்தும். 110 பேருக்கு இதயத்துடிப்பு அளவிகளைப் பொருத்தி உள்ளே அனுப்பி, எவ்வளவு பயந்தார்கள், எவ்வளவு ரசித்தார்கள் என்று ஒப்பிட்டார்கள். 2020 இல் வெளியான முடிவு: பயமும் இன்பமும் கூடவே ஏறிக்கொண்டு போவதில்லை. பயம் மிகக் குறைந்தாலும் சலிப்பு, மிகக் கூடினாலும் துன்பம். நடுவில் ஓரிடத்தில்தான் ரசனை உச்சம் தொடுகிறது. ஆனால் பேய்மாளிகைக்கு யாரும் ஆயிரம் முறை போவதில்லை. நேரலை விளையாட்டின் தொழில் அடிப்படையே ஆயிரம் முறை வரவழைப்பதுதான். ஆறாவது ஆண்டிலும் தினமும் வருபவருக்கு அந்த வளைகோட்டின் உச்சியை எங்கே தேடுவது?

நிறுவனமும் தேடிப் பார்த்தது. அதே 2024 இன் தொடக்கத்தில் ‘லைட்ஸ் அவுட்’ என்ற தற்காலிக மாற்றத்தைக் கொண்டுவந்தது. களம் முழுவதும் இருட்டு. கூட்டாளிகள் என்ன நிலையில் இருக்கிறார்கள் என்று திரையோரத்தில் காட்டும் குறிகள் இல்லை. ஆட்டக்காரர்கள் வழக்கமாகச் சேர்த்துக்கொண்டு வரும் திறன்களும் இல்லை. கோட்பாட்டளவில் தொலைந்த பயத்தை மீட்கச் சரியான வழி இதுதான்: பழக்கத்தால் தகவலாகிவிட்ட எல்லாவற்றையும் பறித்துவிடுவது. சிலர் முதல் நாள் பயத்தை மறுபடி ருசித்ததாக மகிழ்ந்தார்கள். பலர் சலித்துக்கொண்டார்கள். இருளில் கில்லர் ஆளைக் காணாமல் சுற்றினார். ஓடுபவர்கள் யாரும் வராத மூலையில் ஜெனரேட்டரைக் குடைந்தார்கள். திரையின் வெளிச்சத்தைக் கூட்டி இருட்டையே இல்லாமல் செய்துகொண்டவர்கள் மீது மற்றவர்கள் எரிச்சல்பட்டார்கள். திகில் விளையாட்டு ஆடுகிறவர் இருட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஆடுகிறார் என்றால், அவர் வந்தது பயப்படுவதற்கு அல்ல.

ஆறு மாதம் கழித்து வந்த இருவர்–எண்மர் முறை இதற்கு நேரெதிர். பயத்தைக் கூட்ட அது எதையும் செய்யவில்லை. எட்டுப் பேர் ஓடும் களத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கூட்டாளி தென்படுவார். தனிமை இல்லை, ஆகவே திகிலும் இல்லை. சில சமயம் கல்யாண வீட்டுப் பந்தலில் பிள்ளைகள் துரத்தி விளையாடுவது போலத்தான் இருந்தது. இருந்தும் கூட்டம் இங்கேதான் கூடியது.

ஏன் என்பதற்கு விதிமாற்றங்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். களங்கள் பெரிதாக்கப்பட்டன. பதின்மூன்று ஜெனரேட்டர்களில் எட்டைச் சரிசெய்ய வேண்டும். கில்லர்களில் டிராப்பர், ரெய்த், ஹில்பில்லி, நர்ஸ், ஹன்ட்ரெஸ் ஆகிய ஐவருக்கு மட்டுமே முதல் சுற்றில் அனுமதி. ஐவரும் நிறுவனத்தின் சொந்தப் படைப்புகள். முதல் மூவர் 2016 இல் விளையாட்டு பிறந்தபோதே இருந்தவர்கள். சினிமாவிலிருந்து வந்த பெரிய பெயர் ஒன்றுகூட இல்லை. யாரும் அதற்காக முகம் சுளிக்கவில்லை என்பதே எனக்கு வியப்பு. பல ஆண்டுகளாக விளம்பரத்தின் முதுகெலும்பாக இருந்தவை அந்தப் பெயர்கள்தான்.

இரண்டாவது மாற்றம், பர்க் எனப்படும் திறன்களின் நீக்கம். பழைய ஆட்டத்தில் ஒவ்வொருவரும் நான்கு பர்க்குகளைப் பொருத்திக்கொண்டு வருவார்கள். இரு தரப்புக்கும் நூற்றுக்கு மேல் உண்டு. எவற்றைச் சேர்த்தால் பலம் என்று தெரிந்துகொள்வதே ஒரு தனிப் படிப்பு. அந்தப் படிப்பை முடிக்காமல் உள்ளே வருபவர் எதனால் வீழ்ந்தோம் என்றுகூடப் புரியாமல் வீழ்வார். புதிய முறையில் சர்வைவர்கள் நான்கு வகுப்புகளில் ஒன்றைத் தேர்ந்தால் போதும்: காயம் ஆற்றுபவர், பழுதுபார்ப்புக்கு உதவுபவர், கில்லரை வேவு பார்ப்பவர், தப்பி ஓடுபவர். நெடுங்காலம் விலகியிருந்தவர்களும் திரும்பி வந்து ஆட முடிந்ததற்கு இது முக்கியக் காரணம். அதே ஆண்டு பர்க்குகளைச் சீட்டுக் குலுக்குவது போலத் தந்த ‘கேயாஸ் ஷஃபிள்’ வரவேற்பைப் பெற்றதையும் சேர்த்துப் பார்த்தால், பர்க் சுமை எந்த அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தது என்பது தெரியும்.

மூன்றாவது மாற்றம் சிறியதாகத் தோன்றும். ஆட்டத்தின் சுபாவத்தையே அதுதான் மாற்றியது. கொக்கிகள் போய்க் கூண்டுகள் வந்தன. கில்லர் வீழ்த்திய ஆளைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் அவர் களத்தின் வேறொரு மூலையிலுள்ள கூண்டுக்குப் போய்விடுவார்.

இதன் பொருள் புரிய, இந்த ஆட்டத்தில் ஓயாமல் எரியும் சண்டையைச் சொல்ல வேண்டும். கொக்கியில் ஒருவரை மாட்டிவிட்டு அங்கேயே காவல் நிற்பது கேம்பிங். கொக்கியிலிருந்து இறங்கிய அதே ஆளை விடாமல் துரத்தி மூன்று முறையையும் முடிப்பது டனலிங். வீழ்ந்தவரைத் தூக்காமல் தரையிலேயே கிடக்கவிட்டு அடுத்தவரைத் தேடிப்போவது ஸ்லக்கிங். கில்லர் தரப்பிலிருந்து பார்த்தால் இவை எல்லாம் அறிவார்ந்த உத்திகள். நால்வரில் ஒருவரைச் சீக்கிரம் நீக்கிவிட்டால் மீதி மூவரால் ஐந்து ஜெனரேட்டர்களை முடிப்பது கடினம். ஓடுபவர் தரப்பிலிருந்து பார்த்தால், பத்து நிமிடம் காத்திருந்து வந்தவர் மூன்றாவது நிமிடம் வெளியே. பதிலுக்கு அவர்கள் செய்யும் கொடுமையும் சாதாரணமல்ல. வாசலைத் திறந்த பிறகும் வெளியேறாமல், கில்லரின் முகத்துக்கு எதிரே குனிந்து நிமிர்ந்து குனிந்து நிமிர்ந்து கேலி செய்வார்கள். தெருவில் ஓடிப்பிடித்து ஆடும் பிள்ளைகளிடம் பிடிப்பவனாக நிற்க யாருக்கும் ஆசை இருக்காது அல்லவா, அந்த நிலைதான் கில்லருடையது. கையில் கோடாரி இருந்தும் மொத்தக் களத்திலும் தனியாள் அவர்தான்.

இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று எண்களை வைத்துத் தீர்க்க முடியாது. ஓடுபவர்களில் அறுபது விழுக்காட்டினர் சாக வேண்டும் என்பதே தன் இலக்கு என்று நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அதாவது பத்தில் ஆறு பேர் தோற்கும்படி திட்டமிட்டே செய்த ஆட்டம். அந்த அறுவருக்கு ஆட்டம் கில்லர் பக்கம் சாய்ந்ததாகத் தோன்றும். நால்வரில் இருவரைத் தப்பவிட்ட கில்லருக்கோ அது சர்வைவர் பக்கம் சாய்ந்ததாகத் தோன்றும். இருவர் சொல்வதும் அவரவர் அனுபவத்துக்கு உண்மை. 2021 இல் திறமைக்கேற்ப ஆள் சேர்க்கும் முறை வந்து, கொன்றதும் தப்பியதும் அதன் அளவுகோல்களான பிறகு சச்சரவு தணிந்ததாகச் சொல்ல முடியாது.

கூண்டு இந்தச் சச்சரவின் அடிவேரில் கைவைத்தது. வீழ்ந்தவர் கண்காணாத மூலைக்குப் போய்விடுவதால் காவல் நிற்பதற்குப் பொருளில்லை. அவரைக் காப்பாற்ற யாரோ வரும்போது கில்லர் வேறெங்கோ இருப்பார். எனவே அதே ஆளைத் தொடர்ந்து வேட்டையாடுவதும் கடினம். யாரும் யாரையும் ‘இது அழகல்ல’ என்று கண்டிக்க வேண்டியிருக்கவில்லை. தீய உத்தியைத் தடைசெய்யாமல், அதற்கான வாய்ப்பையே களத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கில்லருக்கும் நஷ்டமில்லை. தூக்கிச் சுமந்து நடக்கும் நேரமெல்லாம் மிச்சம். அந்த நேரத்தில் இன்னொருவரைத் துரத்தலாம். துரத்துவதுதான் இரு தரப்புக்கும் ஆட்டத்தின் சுவையான பகுதி என்பதால், கூண்டு வந்ததும் சுவை கூடியது.

கில்லர் வரிசை நீண்டதற்கு மட்டும் இது போதிய விளக்கமல்ல. அங்கே தோழமைதான் காரணம் என்று நினைக்கிறேன். ஓடுபவர்கள் நண்பர்களோடு சேர்ந்து வர ஆரம்ப காலத்திலிருந்தே வழியிருந்தது. நால்வரும் பேசிக்கொண்டே ஆடலாம். கில்லர் பக்கம் அப்படி ஒரு வழியே இல்லை. தனிப்பட்ட ஆட்டம் ஏற்பாடு செய்தால் நண்பரை வெட்டலாம், நண்பரோடு சேர்ந்து பொது ஆட்டத்தில் யாரையும் வெட்ட முடியாது. எட்டு ஆண்டுகளில் முதல் முறையாக இரண்டு நண்பர்கள் ஒரே பக்கம் நின்று துரத்த முடிந்தது. ஒருவர் பொறி வைத்த பாதைக்கு இன்னொருவர் ஆளை ஓட்டிக்கொண்டு வரலாம். தப்பவிட்டால் இருவரும் சேர்ந்து சிரிக்கலாம். இதுவரை கில்லர் வேடத்தையே தொடாத சர்வைவர்களும் அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். கில்லராக இருப்பதில் அவர்களை அச்சுறுத்தியது கேலியைத் தனியே தாங்க வேண்டும் என்பதுதான்.

ஓடுபவர் பக்கத்திலும் சுமை பங்கிடப்பட்டது. நால்வரில் ஒருவர் தவறினால் காற்பங்கு பலம் போகும். மற்ற மூவரும் அவரை மறக்க மாட்டார்கள். எண்மரில் ஒருவர் தவறினால் பாதி நேரம் யாருக்கும் தெரிவதே இல்லை. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மன் 1913 இல் வெளியிட்ட ஆய்வில், கயிறு இழுக்க ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் இழுக்கும் விசை குறைவதைக் காட்டினார். நிர்வாகப் பாடங்களில் அதைக் குறையாகவே சொல்லித்தருவார்கள். பொழுதுபோக்கில் அதே குறை வரமாகிவிடுகிறது. மாலை வேலை முடிந்து வந்து உட்காருபவருக்குத் தன் ஒரு பிழையால் மூன்று அந்நியர்களின் கால்மணி நேரம் பாழாகாது என்ற நிம்மதி கிடைக்கிறது. 

குறைகள் இல்லாமலில்லை. எந்தச் சுவரையும் தாண்டித் தோன்றும் நர்ஸும் ஒரே வெட்டில் வீழ்த்தும் ஹில்பில்லியும் இணைந்தால் தாங்க முடியவில்லை என்றார்கள். தொடக்கத்திலேயே நாலைந்து பேர் அடுத்தடுத்து வீழ்ந்தால் ஆட்டம் சரிந்து மீளவே மீளாது. அந்நியருடன் சேர்ந்து கில்லராக வந்தவர்கள், கூட்டாளி எங்கோ மூலையில் மேய்ந்துகொண்டிருக்கிறார் என்று புலம்பினார்கள். கவனித்தால், இந்தப் புகார்களின் தொனி வேறு. பழைய ஆட்டத்தில் குற்றச்சாட்டு எதிரே ஆடும் மனிதர் மீது. ‘இப்படி ஆடுகிறவர் எப்படிப்பட்டவர்’ என்பது வரை போகும். இங்கே அது பெரும்பாலும் வடிவமைப்பின் மீது நின்றது.

துரத்துபவர்களைப் பலராக்கும் யோசனை புதிதல்ல. 2023 இல் வந்த ‘டெக்சஸ் செயின் சா மாசக்கர்’ விளையாட்டில் மூன்று கொலைகாரர்களுக்கு நான்கு பலியாட்கள். 2024 இல் வந்த ‘கில்லர் க்ளௌன்ஸ் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ விளையாட்டில் மூன்று கோமாளிகளுக்கு ஏழு பேர். இரண்டும் வந்த வேகத்தைத் தக்கவைத்துக்கொள்ளவில்லை. ஆகவே எண்ணிக்கை தானாக மந்திரம் செய்வதில்லை. ‘டெட் பை டேலைட்’டில் அது பலித்ததற்கு, எட்டு ஆண்டுகளாக ஒன்றுக்கு நான்கில் உழன்ற பெருங்கூட்டம் ஒன்று ஏற்கெனவே அங்கே இருந்ததே காரணம். ஒத்தடம் வலி இருக்கும் இடத்தில்தான் தெரியும்.

ஆகஸ்ட் 8 அன்று முறை மூடப்பட்டது. நிரந்தரமாக்குங்கள் என்ற குரல் எழுந்தது. இந்தக் கோரிக்கையை அப்படியே நம்பிவிடக் கூடாது. இரண்டு வாரத்தில் போய்விடும் என்று தெரிந்த எதற்கும் ஒரு கூடுதல் இனிப்பு உண்டு. ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ விளையாட்டில் 2014 ஏப்ரல் முதல் தேதி வேடிக்கையாக வந்த ‘யுஆர்எஃப்’ முறைக்கும் இதே வரவேற்பு, இதே கோரிக்கை. அது திறக்கும்போது கூட்டம் பொங்கினாலும், அடங்கும்போது சிலர் விளையாட்டையே விட்டுப் போய்விடுகிறார்கள் என்பதைக் காரணமாகச் சொல்லி, அதை நிரந்தரமாக்க அந்த விளையாட்டை நடத்தும் ரயட் நிறுவனம் தயங்கியது. பிஹேவியருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காத்திருக்கும் ஆட்டக்காரர்களின் குளம் ஒன்றுதான். அதில் இரண்டாவது வாய்க்கால் வெட்டினால் முதல் வாய்க்காலில் நீர் மட்டம் இறங்கும். ஆகவே அந்த முறை விருந்தாளியாகவே வந்து போனது. அதே ஆண்டு மீண்டும் வந்தது. கில்லர் பட்டியல் வளர்ந்தது. 2025 இல் ‘ரெசிடெண்ட் ஈவில்’ விளையாட்டின் வேடமிட்டும் வந்தது.

மூல ஆட்டத்தைச் செப்பனிடும் முயற்சி அதே 2025 இல் நடந்தது. டனலிங்கையும் ஸ்லக்கிங்கையும் தடுக்கும் விதிகளை நிறுவனம் சோதனைப் பதிப்பில் வைத்துப் பார்த்தது. சர்வைவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தவை அவை. கில்லர் தரப்பிலிருந்து கிளம்பிய எதிர்ப்பு கடுமையாக இருந்தது. தண்டனை எல்லாம் எங்களுக்கு, கைம்மாறு என்ன என்றார்கள். நிறுவனம் அவ்விதிகளை முழு விளையாட்டில் சேர்க்காமல் மறுவேலைக்குத் தள்ளிவைத்தது. இருவர்–எண்மர் முறையில் கில்லரிடமிருந்து அதே உத்திகளைப் பறித்தபோது, பதிலுக்கு அவருக்கு நேரம் கிடைத்திருந்தது, ஒரு கூட்டாளியும் கிடைத்திருந்தார். ஒன்றுக்கு நான்கில் நேரத்தை வேண்டுமானால் கூட்டித் தரலாம். கூட்டாளியைத் தர முடியாது.